உள் தாழ்ப்பாள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிற்றூர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதுகிறவனைப் பேசக் கூப்பிடுவதில் உள்ள அபாயம் அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இருந்தும் போனேன். 'தமிழரும் விருந்தோம்பலும்' என்று தலைப்பு. இந்தத் தலைப்பில் நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் முக்கால் மணி நேரம் பேசிவிடலாம். நானும் பேசினேன். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருப்பதைச் சொன்னேன். வழிப்போக்கனுக்காக வாசலில் திண்ணை வைத்து வீடு கட்டிய ஜனங்கள் நாம் என்றேன். 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள், முன்பின் அறியாத புதியவன்தான் விருந்தினன், தெரிந்தவனுக்குப் போடுகிற சோறு விருந்தில் சேராது என்றும் சொன்னேன். இந்த இடத்தில் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது ஒருவர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்களில் பெயிண்ட் கறை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். விருந்து என்றால் புதுசு என்று சொன்னீர்கள். நான் இந்த ஊர் காம்பிலே தொண்ணூறாம் வருஷத்திலிருந்து இருக்கிறேன். நான் புதுசும் இல்லை, இந்த ஊர்க்காரனும் இல்லை. எனக்கு என்ன பேர் சார்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. சொல்லாராய்ச்சி பேசிய ஒருவனிடம் ஒரு சொல்லைக் கேட்கிறார், அவ்வளவுதான். நான் சட்டென்று, "சொந்தம்" என்றேன். மேடையில் இருந்த மிடுக்கு இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது. அவர் மரியாதையாகச் சிரித்தார். "காலையில் காம்பிலே தலைக்கணக்கு எடுப்பார்கள் சார். ஆள் இருந்தாக வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவரை நான் நினைத்துக்கொண்டு வரவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புற அறையை நினைத்துக்கொண்டு வந்தேன்.

1990ஆம் வருஷம். எனக்குப் பத்து வயது. அந்த ஜூன் மாதம் இலங்கையில் மறுபடியும் யுத்தம் மூண்டு, ராமேஸ்வரம் கரைக்குப் படகு படகாக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்த முதல் அலையில் மட்டும் ஏறத்தாழ 1,34,000 பேர். இந்த இரண்டாவது அலையிலும் ஒரு லட்சத்துக்கு மேல். கையில் காசில்லாதவர்கள் முகாமுக்குப் போனார்கள். வெளிநாட்டில் பிள்ளையோ தம்பியோ இருந்து பணம் அனுப்ப முடிந்தவர்கள் ஊர்களில் வாடகைக்கு இடம் தேடினார்கள். அப்படித்தான் ஒரு கிழவி, அவள் மகள், மகளின் எட்டு வயதுப் பையன் என்று மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகளின் புருஷனைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். கொல்லைப்புறத்தில் நெல் மூட்டை போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதை ஒழித்து, வெள்ளையடித்துக் கொடுத்தார். வாடகை என்று ஒன்று வாங்கினார், அது பெயருக்குத்தான். நெல் போட்டு வைக்கிற அறையாகையால் கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் உண்டு. உள்ளே இல்லை. மூட்டைகள் எதற்கு உள்ளே தாழ் போட்டுக்கொள்ளப் போகின்றன?

முதல் நாள் சாயங்காலமே ஆச்சி அப்பாவிடம் வந்து நின்றாள்.

"ஐயா, உள்ளுக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தருவியளோ?"

அப்பா சிரித்தார். "இங்கே யார் வரப் போகிறார்கள், அம்மா? நாங்கள் எல்லாரும் இருக்கிறோமே!"

"நீங்கள் இருக்கிறியள் எண்ட படியாத்தான் கேக்கிறன், ஐயா. நாங்கள் இருந்து வந்த இடத்திலை கதவே இருக்கேல்லை."

மறுநாள் ஆசாரி வந்து ஓர் இரும்புத் தாழ்ப்பாளை உள்ளே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அன்று இரவு அது விழுகிற சத்தம் எங்கள் கூடம் வரைக்கும் கேட்டது. பத்து மாதம், தினமும் எட்டரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும். அம்மா அதைக் கேட்டுத்தான் அடுப்படியைச் சாத்துவாள்.

1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு நடந்ததை அந்த நாட்களில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகாமுக்கு வெளியே இருக்கிற ஒவ்வோர் இலங்கைக்காரரும் போலீஸ் ஸ்டேஷனில் பேர் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. வீடு கொடுத்தவர்களையும் விசாரித்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு தரம் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் தெரு மாறிவிட்டது. பால்காரர் கொல்லைப்பக்கம் போவதை நிறுத்தினார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "நீர் நல்லவர் ஓய், அதுதான் பயமாயிருக்கிறது" என்றார். வீட்டில் கல்யாணத்துக்கு என் அக்கா இருந்தாள்.

அப்பா அவர்களைப் போகச் சொல்லவில்லை. இதை அவர் பிற்காலத்தில் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார்: "நான் போகச் சொல்லவில்லை." உண்மைதான். அவர் செய்ததெல்லாம், ஒரு வாரம் கொல்லைப்பக்கம் போகாமல் இருந்தது. எட்டாம் நாள் ஆச்சியே வந்தாள்.

"நாங்கள் இஞ்சை இருந்தா உங்களுக்குத்தான் கரைச்சல், ஐயா. காம்புக்கே போறம்."

அப்பா, "இல்லை அம்மா, அப்படி ஒன்றும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு நம்பிக்கை.

இப்போது என் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொரு வீட்டுக்காரர்கள் யாருக்கும் ஒரு நாள்கூட இடம் கொடுத்ததில்லை. அவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். பத்து மாதம் இடம் கொடுத்த என் தகப்பனார்தான் சாகிற வரைக்கும், "நான் போகச் சொல்லவில்லை" என்று யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார். கொடுக்காதவனுக்கு இல்லாத குற்றம் கொடுத்தவனுக்கு எங்கிருந்து வருகிறது? இது நியாயமா?

கணக்குப் பார்த்தால் நியாயமில்லை. பத்து மாதம் என்பது பூஜ்யத்தைவிடப் பெரியது. ஆனால் இடம் கொடுப்பது பிச்சை போடுவதைப் போல ஒரு தடவையில் முடிகிற காரியமில்லை என்றே எனக்குப் படுகிறது. காசு கொடுத்தால் கை விட்டுப் போய்விடுகிறது. இடம் கொடுத்தவன் தினமும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். வாங்கினவர் அதை நம்பித் தம் மற்ற வழிகளை அடைத்துவிடுகிறார். பையனைப் பள்ளியில் சேர்க்கிறார். கடையில் கணக்கு வைத்துக்கொள்கிறார். ஆச்சி கொல்லையில் முருங்கைக் கிளை ஒன்று ஊன்றினாள். நாம் திறந்து வைத்த கதவை நம்பி ஒருவர் தம் நாட்களை அடுக்கத் தொடங்கிய பின், அந்தக் கதவு முழுக்க நம்முடையதாக இருக்கிறதா? இந்த இடத்தில்தான் தர்மம் கஷ்டமாகிறது. ஆரம்பிக்காதவனுக்கு இந்தக் கஷ்டமே தெரியாது.

ஒரு வீட்டுக்காரருக்குச் சொன்னதை ஒரு தேசத்துக்கும் சொல்லலாமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மண்டபம் முகாமுக்கு நான் இரண்டு தரம் போயிருக்கிறேன். வெயிலும் மணலும் உப்புக் காற்றுமான இடம். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்களை, தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில நாட்கள் அடைத்து வைக்க, அன்றைய இலங்கை அரசாங்கம் கடலுக்கு இக்கரையில் நடத்திய முகாம் அது. அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், தலைமன்னாருக்குக் கப்பல். 1948இல் சுதந்திர இலங்கை ஒரு சட்டம் போட்டு அந்தத் தோட்டத் தொழிலாளரின் சந்ததிகளில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, இவ்வளவு லட்சம் உனக்கு, இவ்வளவு லட்சம் எனக்கு என்று அவர்களைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்குக்கு 5,25,000 பேர். அவர்களில் திரும்பி வந்தவர்களும் மண்டபத்தில்தான் இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அகதிகள். 2022இல் இலங்கையில் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் பஞ்சம் வந்தபோது படகேறி வந்தவர்களையும் அங்கேதான் வைத்தார்கள்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிற அகதிகளில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர். அதாவது, அவர்களுடைய பாட்டன் புதுக்கோட்டையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பி, மண்டபம் வழியாகப் போனவன். மூன்று தலைமுறை கழித்துப் பேரன் அதே மணலில் இறங்குகிறான், அவனைப் பார்த்து நாம், "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்கிறோம். நாவலில் இப்படி எழுதினால் விமர்சகர்கள் செயற்கையாக இருக்கிறது என்பார்கள்.

நம்மை நாமே திட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அகதிகள் பற்றிய 1951ஆம் வருஷத்து சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் கரையைத் திறந்து வைத்தது. கையெழுத்துப் போட்ட நாடுகளில் சில, கடலிலேயே படகைத் திருப்பியனுப்புவதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். கையெழுத்து இல்லாத கருணை, கருணை இல்லாத கையெழுத்தைவிட மேல். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருணை என்றால் அது கொடுப்பவரின் மனசு. அவர் மனசு சரியில்லாத நாளில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. முகாமிலே மாதப் பணம் உண்டு, அரிசி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்களும் ஏராளம். எல்லாம் உண்டு, எதுவும் 'என்னுடையது' என்று சொல்ல முடியாது.

வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கிடங்குகள், புயல் பாதுகாப்புக் கூடங்கள் என்று அகப்பட்ட இடத்திலெல்லாம் வைத்தார்கள். சேலையைக் குறுக்கே கட்டினால் ஒரு குடும்பம். பிறகு பத்தடிக்குப் பத்தடி வீடுகள். பேரழிவுக் காலங்களில் உதவி செய்கிற நிறுவனங்களுக்கு ஸ்பியர் என்றொரு கையேடு இருக்கிறது. அவசரத்துக்குக் கட்டுகிற கூரையின் கீழே ஓர் ஆளுக்குக் குறைந்தது மூன்றரைச் சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது அது. சமைக்கிற இடம் தனி. நம் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தெட்டுச் சதுர அடி. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இருபது. அவசரத்துக்கென்று சொன்ன அளவில் பாதி. அதுவும் முப்பது வருஷத்துக்கு. அந்த நூறு சதுர அடிக்குள்ளே கல்யாணம் நடந்து, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் நடந்திருக்கிறது.

2021இல் தமிழ்நாடு அரசு விழித்துக்கொண்டது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. பல முகாம்களில் இன்று காங்கிரீட் வீடுகள் நிற்கின்றன. 'அகதிகள் முகாம்' என்ற பேரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசாங்கம், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் இல்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்தவன் ஒருவன், இங்கே இருப்பதற்காக உன்னை ஜெயிலில் போட மாட்டோம் என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே!

கூரை எதனால் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் கொடுத்தவரின் மனசைத் தெரிந்துகொள்ளலாம் என்று சில சமயம் நினைக்கிறேன். லெபனானில் அர்சால் என்று சிரியா எல்லையோரம் ஒரு மலையூர். யுத்த வருஷங்களில் ஊர்க்காரர்களைவிட அகதிகள் அதிகமாயிருந்தார்கள். குளிரும் பனியும் தாங்காமல் அவர்கள் கூடாரத்தைச் சுற்றிக் கல் வைத்துச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். 2019இல் உத்தரவு வந்தது: சுவர் சுமார் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மேலே மரமும் பிளாஸ்டிக்கும்தான். மிச்சத்தை அவரவரே இடித்துக்கொண்டார்கள். குழந்தை நின்றால் தலை தெரிகிற உயரம் வரைக்கும் தயவு. அதற்கு மேல் போனால் அது வீடாகிவிடும்!

கேட்டவுடன் கோபம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் லெபனான்காரர்களின் பயத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1948இல் பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர்கள் கூடாரம் போட்டார்கள். அந்தக் கூடாரங்கள் சிமெண்டுச் சந்துகளாகி, இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. 'சில மாதம்' என்று சொல்லி எழுபது வருஷம் ஆகிவிட்ட வீட்டுக்காரர், அடுத்தவரிடம் செங்கல்லைப் பார்த்தாலே மிரளுகிறார்.

வங்காளதேசத்திலும் இப்படித்தான். 2017 ஆகஸ்டுக்குப் பின் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து காக்ஸ் பஜார் பக்கம் வந்தார்கள். முதல் நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் உக்கியா, தெக்னாஃப் பகுதிக் கிராமத்து ஜனங்கள். அவர்களே பரம ஏழைகள். பிறகு என்ன ஆயிற்று? குடிலுக்கும் விறகுக்கும் குன்றுகள் மொட்டையாயின. கூலி குறைந்தது. அரிசி விலை ஏறியது. யானை போகிற வழியில் முகாம் வந்துவிட்டதால் யானைகள் உள்ளே புகுந்து ஆட்களைக் கொன்றன. குடும்பங்களுக்குச் சமையல் வாயு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் மரத்துக்கு மூச்சு வந்தது. குடில்களை மூங்கிலாலும் தார்ப்பாயாலும்தான் கட்ட வேண்டும் என்று சர்க்கார் பிடிவாதமாக இருந்தது. அந்த மூங்கிலில் 2021 மார்ச்சில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கான குடில்கள் போயின.

அந்தக் கிராமத்தார் முணுமுணுத்தால் நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? தூரத்திலிருந்து மனிதாபிமானம் பேசுகிறவர்களுக்கு விறகு தேட வேண்டியதில்லை. உபகாரத்தின் பாரம் எப்போதும் எல்லைப்புறத்து ஏழையின் தலையில்தான் விழுகிறது. அவனோடு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாமல் அவனுடைய குணத்தை மட்டும் மெச்சுவது ஒருவகைச் சுரண்டல்.

உகாண்டாவில் வேறு விதம். வருகிறவர்களுக்கு ஒரு துண்டு நிலம் அளந்து விடுகிறார்கள். வேலை செய்யலாம், நடமாடலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் கூட்டம் பெருகப் பெருக அந்தத் துண்டு சிறுத்துக்கொண்டே வருகிறது. ஆனாலும், பயிர் வைக்கச் சொல்லி மண்ணைக் காட்டியவன், 'நீ அறுவடை வரைக்கும் இருப்பாய்' என்று ஒப்புக்கொண்டுவிட்டான் அல்லவா?

அதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம். 'தற்காலிகம்' என்ற சொல் நமக்குப் பெரிய சௌகரியம். நாளைக்குப் போகப் போகிறவர்களுக்கு இன்றைக்கு எதற்குச் சுவர், எதற்கு ஓட்டு, எதற்கு உள் தாழ்ப்பாள்? முகாம் என்பதே ஊர் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் நிம்மதியாகத் தூங்குவதற்கான ஏற்பாடோ என்றுகூடத் தோன்றுகிறது. எங்கள் தெருவுக்கு அன்றைக்கு முகாம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது! யாரும் அவர்களை விரட்டவில்லை, போக ஓர் இடம் இருந்தது, போனார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்த ஆறுதல் செல்லவில்லை.

அவர்கள் எந்த முகாமுக்குப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அப்பா போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் திருப்பியனுப்பத் தொடங்கினார்கள்; திரும்பிப் போனவர்களில் அவர்களும் இருந்தார்களா, இல்லையா? நான் வளர்ந்து, கதை எழுதி, அகதிகளைப் பற்றிக்கூட ஒரு கதை எழுதிப் பரிசு வாங்கி, இத்தனை வருஷத்தில் நானும் விசாரிக்கவில்லை. பெயிண்ட் கறை படிந்த விரல்களோடு ஒருவர் வந்து பேர் கேட்கிற வரைக்கும்.

கூட்டத்திலிருந்து திரும்பியவன் நேரே கிராமத்துக்குப் போனேன். அம்மா மட்டும் இருக்கிறாள். ஆச்சி வைத்த முருங்கை 2018 கஜா புயலில் விழுந்துவிட்டது. கொல்லைப்புற அறை மறுபடி சாமான் போடுகிற அறையாகிவிட்டது. கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது, துருப்பிடித்து, அசைத்தால் அசையவில்லை.

"இது இன்னும் இருக்கா அம்மா?"

"போன தரம் கதவு ரிப்பேருக்கு ஆசாரி வந்தானே, அப்போவே கழட்டிடலாமான்னு கேட்டான்" என்றாள் அம்மா. "உங்கப்பா வேண்டாம்னுட்டார். ஏன்னு கேட்டேன். சொல்லலை."